மிட்-சைட் ஸ்டீரியோ பதிவு: இரண்டு மைக்குகளின் அளவை எப்படிப் பொருத்துவது?

மிட்-சைட் என்பது, மேடையை நேராகப் பார்க்கும் ஒரு மைக்கையும் (மிட்) பக்கங்களைப் பார்க்கும் ஒரு மைக்கையும் (சைட்) வைத்து ஸ்டீரியோ பதிவுசெய்யும் முறை. இந்த முறையில் புதிதாகப் பதிவுசெய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, இரண்டு மைக்குகளின் மீட்டரையும் ஒரே உயரத்துக்கு ஏற்றிவிடுவது. சாதாரண ஸ்டீரியோவில் அது நல்ல பழக்கம்தான். ஆனால் மிட்-சைடில் அப்படிச் செய்தால் பதிவு கெட்டுவிடும். இங்கே இரண்டு மைக்கும் ஒரே வேலையைச் செய்வதில்லை. அதனால் இரண்டு மீட்டரும் ஒன்றாக ஆடக் கூடாது. பொருந்த வேண்டியது மைக்குகளின் உணர்திறன், அதாவது ஒரே ஒலிக்கு ஒவ்வொரு மைக்கும் எவ்வளவு பலமான மின்அலையைத் தருகிறது என்பது. அதைப் பொருத்திய பிறகு, சைடை எவ்வளவு சேர்ப்பது என்பதைக் காதால் கேட்டு முடிவுசெய்ய வேண்டும். இவை இரண்டும் தனித்தனி வேலைகள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

முதலில் அடிப்படை. மிட் மைக் மேடையை நேராகப் பார்க்கும். வழக்கமாக அது கார்டியாய்டு, அதாவது முன்னால் இருந்து வரும் ஒலியை நன்றாகவும் பின்னால் இருந்து வருவதை மிகக் குறைவாகவும் எடுக்கும் வகை. சைட் மைக் எட்டு வடிவ மைக். அதை 90 டிகிரி திருப்பி, முன்முகம் இடப்பக்கத்தையும் பின்முகம் வலப்பக்கத்தையும் பார்க்கும்படி வைப்போம். எட்டு வடிவ மைக்கின் இரு முகங்களும் ஒரே அளவுக்குக் கேட்கும். ஆனால் போலாரிட்டி எதிரெதிர். முன்முகத்தில் பட்ட ஒலி நேர் அலையாகவும் பின்முகத்தில் பட்டது தலைகீழ் அலையாகவும் வரும். நேர் எதிரே இருந்து வரும் ஒலி அதன் விளிம்பில் படுவதால், அதற்கு அந்த மைக் ஏறக்குறைய செவிடு.

இந்த இரண்டு டிராக்குகளையும் இப்படிச் சேர்க்கிறோம்:

இடது = மிட் + சைட்
வலது = மிட் − சைட்

இடப்பக்கம் இருந்து வந்த ஒலி இரண்டு மைக்கிலும் ஒரே போலாரிட்டியில் இருக்கிறது. அதனால் கூட்டும்போது இடதில் பெருகுகிறது, கழிக்கும்போது வலதில் குறைகிறது. வலப்பக்க ஒலிக்கு இது மாறி நடக்கிறது. இடதையும் வலதையும் சேர்த்து மோனோ ஆக்கினால் சைட் முழுதாக அடிபட்டுப் போய், மிட் மட்டும் மிஞ்சுகிறது. இந்தக் கூட்டல்-கழித்தல் யோசனை, இஎம்ஐ நிறுவனப் பொறியாளர் ஆலன் ப்ளம்லீன் 1931 டிசம்பரில் விண்ணப்பித்த ஸ்டீரியோ காப்புரிமையிலேயே இருக்கிறது. 1950களில் டென்மார்க் வானொலியைச் சேர்ந்த ஹோல்கர் லாரிட்சன் இதை ஒலிபரப்புக்குக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் 1961இல் அனுமதிக்கப்பட்ட எஃப்எம் ஸ்டீரியோவும் இதே கணக்கில்தான் இயங்குகிறது: கூட்டல் அலை ஒரு பக்கம், கழித்தல் அலை துணை அலைவரிசையில். பழைய மோனோ ரேடியோ கூட்டலை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஒற்றை ஸ்பீக்கர் உள்ள ஃபோனில் இன்று பாட்டுக் கேட்பவருக்கும் கிடைப்பது அதுதான்.

ஒரு கச்சேரியை எடுத்துக்கொள்வோம்

ஒலிபெருக்கி இல்லாத ஒரு வீட்டுக் கச்சேரி. நடுவில் பாடகர், அவருக்கு வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின், பின்னால் தம்பூரா. மைக் பாடகரைப் பார்த்து நிற்பதால் மைக்கின் பார்வையில் மிருதங்கம் இடதில், வயலின் வலதில். மைக்கிலிருந்து முன்னோக்கி 1.7 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர் தள்ளி வயலின் இருப்பதாக வைத்துக்கொண்டால், அது நடுக்கோட்டிலிருந்து சுமார் 35 டிகிரியில் அமைகிறது. மறுபக்கம் மிருதங்கமும் ஏறக்குறைய அவ்வளவே.

பாடகர் தனியாக ஆலாபனை செய்யும்போது அவருடைய குரல் சைட் மைக்கின் செவிட்டு விளிம்பில் படுகிறது. சைடுக்குக் கிடைப்பது சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி மட்டும். எனவே சைட் மீட்டர் மிட்டைவிட நன்றாகக் கீழே நிற்கும். 10 டெசிபல் வித்தியாசம் இருந்தாலும் அதில் கோளாறு ஒன்றுமில்லை. வயலின் மட்டும் வாசிக்கும்போதுகூட, உணர்திறன் சமமாக உள்ள இரண்டு மைக்குகளில் நேரடி ஒலி சைடில் 4 டெசிபல் குறைவாகத்தான் இருக்கும்.

இதைப் பார்த்துவிட்டுச் சைட் கெயினை (மைக்கின் அலையைப் பெருக்கும் அளவை) 10 டெசிபல் ஏற்றினால் என்ன ஆகும்? ஒவ்வொரு மைக்கின் முகத்துக்கும் நேரே வரும் ஒலியை 1 என்று கொண்டால், 35 டிகிரியில் கார்டியாய்டு மிட்டுக்குக் கிடைப்பது 0.91, எட்டு வடிவத்துக்குக் கிடைப்பது 0.57. பின்னதை 10 டெசிபல் பெருக்கினால் 1.81. கூட்டினால் 2.72, கழித்தால் −0.90. அந்தக் கழித்தல் குறியைக் கவனியுங்கள். வயலின் வலது ஸ்பீக்கரில் பலமாக வருகிறது. இடது ஸ்பீக்கரிலும் வருகிறது, ஆனால் தலைகீழ் போலாரிட்டியில். கேட்பவருக்கு வயலின் எங்கே இருக்கிறது என்றே பிடிபடாது. ஸ்பீக்கர்களுக்கு வெளியே எங்கோ மிதப்பதாகவும், காதில் ஏதோ அழுத்துவதாகவும் தோன்றும். மேலும், நடுவிலிருக்கும் குரலோடு ஒப்பிட்டால் வயலினும் மிருதங்கமும் மோனோவில் இருப்பதைவிட ஸ்டீரியோவில் 7 டெசிபல் உயர்ந்துவிடுகின்றன. பக்கவாத்தியங்கள் பாட்டை அமுக்கிவிடும். மீட்டர்களோ அழகாக ஒன்றாக ஆடிக்கொண்டிருக்கும்.

மைக்குகளை நிறுத்துவது

அளவைத் தொடும் முன் இடம் சரியாக இருக்க வேண்டும். இரண்டு மைக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக, வலைகள் தொட்டும் தொடாமலும், இரண்டு கேப்ஸ்யூலும் (ஒலியைப் பிடிக்கும் உள்பகுதி) ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்க வேண்டும். ஒன்று முன்னால், ஒன்று பின்னால் போனால் ஒலி இரண்டையும் வெவ்வேறு நேரத்தில் அடையும். 1 சென்டிமீட்டர் விலகினால் பாதிப்பு 17 கிலோஹெர்ட்ஸ் பக்கம்தான், பெரிதாகத் தெரியாது. 5 சென்டிமீட்டர் விலகினால் 3.4 கிலோஹெர்ட்ஸ் அருகே கூட்டலும் கழித்தலும் தடுமாறும். வயலினின் கூர்மையும் பாட்டின் மெய்யெழுத்துகளும் உள்ள இடம் அது. அதன்பின் எந்த ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகுமிழ்) தள்ளியும் சரிசெய்ய முடியாது.

சைட் மைக்கின் முன்முகம், அதாவது பெரும்பாலான மைக்குகளில் நிறுவனச் சின்னம் உள்ள பக்கம், மைக்கின் இடப்புறம் பார்க்க வேண்டும். நம் கச்சேரியில் அது மிருதங்கத்தின் பக்கம். மாற்றி வைத்துவிட்டால் பெரிய ஆபத்து இல்லை. மிருதங்கம் வலதிலும் வயலின் இடதிலும் வரும். சைடின் போலாரிட்டியைத் திருப்பினால் போதும்.

அடுத்து, அந்தச் செவிட்டு விளிம்பு பாடகரை நேராகப் பார்க்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஹெட்போனில் சைடை மட்டும் கேட்டபடி, பாடகரைச் சுருதியோடு ஒரு ஸட்ஜம் பிடித்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். மைக்கை இப்படியும் அப்படியும் மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் குரல் சட்டென உள்வாங்கி அறையின் எதிரொலி மட்டும் மிஞ்சும். அங்கே இறுக்கிவிடுங்கள். 5 டிகிரி பிசகினாலே, சம அளவுக் கலவையில், குரல் ஒரு பக்கம் 1.5 டெசிபல் சாயும். பிறகு அதைச் சரிசெய்யப் பேனைத் (ஒலியை இடது-வலதாக நகர்த்தும் குமிழை) திருப்பினால் மற்ற இரண்டு வாத்தியங்களும் சேர்ந்து நகரும்.

உணர்திறனைப் பொருத்துவது

இரண்டு மைக்கும் ஒரே குடும்பமாக இருந்தால் வேலை எளிது. சென்ஹைசர் எம்கேஎச் 40 கார்டியாய்டுக்கும் எம்கேஎச் 30 எட்டு வடிவத்துக்கும் விவரத் தாளில் ஒரே உணர்திறன்: பாஸ்கலுக்கு 25 மில்லிவோல்ட். ப்ரீஆம்ப் (மைக்கின் அலையை முதலில் பெருக்கும் பகுதி) கெயினை ஒன்றாக வைத்தால் முடிந்தது. வெவ்வேறு மைக்குகள் என்றால் விவரத் தாளைப் பார்த்துக் கணக்குப் போடலாம். ஒன்று 20 மில்லிவோல்ட், மற்றது 10 என்றால் வித்தியாசம் 6 டெசிபல். 10 உள்ள மைக்குக்கு 6 டெசிபல் கெயின் கூட வேண்டும். சைடுக்கு ரிப்பன் மைக் போட்டால் இந்த இடைவெளி 20 டெசிபலையும் தாண்டலாம்.

மைக்கைக் கணினியோடு இணைக்கும் விலை குறைந்த இன்டர்ஃபேஸ்களில் கெயின் குமிழுக்கு எண்களே இருக்காது. அங்கே காதை வைத்துப் பொருத்த ஒரு நல்ல வழி உண்டு. கார்டியாய்டு மிட்டும் எட்டு வடிவச் சைடும் சம உணர்திறனில் இருந்தால், நடுக்கோட்டிலிருந்து 53 டிகிரியில் உள்ள ஒலி இரண்டிலும் சரிசமமாக விழும். அப்போது மிட் − சைட் பூஜ்யம். எதிர்ப்பக்கச் சேனல் அடங்கிப்போகும். 53 டிகிரியை அளக்கக் கோணமானி வேண்டாம், டேப் போதும்: மைக்கிலிருந்து முன்னோக்கி 90 சென்டிமீட்டர், அங்கிருந்து இடப்புறம் 120 சென்டிமீட்டர். மைக்கிலிருந்து நேராக அளந்தால் 150 வர வேண்டும். தச்சரும் கொத்தனாரும் மூலைமட்டம் பார்க்கும் அதே 3-4-5 முக்கோணம்.

அந்தப் புள்ளியில் ஒருவரை, மைக்கின் உயரத்துக்கு வாய் இருக்கும்படி நிறுத்தி, “ஆ” என்று நிதானமாகப் பிடிக்கச் சொல்லுங்கள். மிட்-சைடை இடது-வலதாகப் பிரித்துக் கேட்கும் அமைப்பில் (அதன் விவரம் கீழே வருகிறது) வலது சேனலை மட்டும் ஹெட்போனில் கேட்டுக்கொண்டு சைட் கெயினை மெல்ல ஏற்றுங்கள். குரல் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் மிகவும் அடங்கி, அதைத் தாண்டினால் மறுபடி வளரும். மிகவும் அடங்கிய இடமே சமம். எதிரொலி அதிகமுள்ள அறையில் குரல் முழுதாக மறையாது. பள்ளம் தெரிந்தால் போதும். 1 டெசிபல் முன்பின் இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். மிட் கார்டியாய்டாக இருந்தால்தான் இந்த 53 டிகிரி பொருந்தும்.

ஸ்பீக்கர் வைத்தும் செய்யலாம். மைக்கிலிருந்து 1 மீட்டரில் ஸ்பீக்கரை வைத்து பிங்க் நாய்ஸ் (சோதனைக்குப் பயன்படும் சீரான இரைச்சல்) ஓடவிட்டு, மிட் நேராக அதைப் பார்க்கும்போது மீட்டர் −20 டெசிபல் காட்டும்படி வையுங்கள். பிறகு ஸ்டாண்டை 90 டிகிரி வலப்பக்கம் திருப்பினால் சைடின் முன்முகம் ஸ்பீக்கரைப் பார்க்கும். அதற்கும் −20 வரும்படி கெயினைத் திருப்புங்கள். இந்த இரைச்சலை 500 ஹெர்ட்ஸ் முதல் 2 கிலோஹெர்ட்ஸ் வரை மட்டும் வடிகட்டி ஓடவிடுவது நல்லது. மிக அருகிலுள்ள ஒலியின் அடித்தொனியை எட்டு வடிவ மைக் கார்டியாய்டைவிடக் கூடுதலாகப் பெருக்கிக் காட்டும். முழு இரைச்சலை வைத்து அளந்தால் கணக்கு ஏமாற்றிவிடும்.

பொருத்திய பின் குமிழ்களின் நிலையை மாஸ்கிங் டேப்பில் குறித்து ஒட்டிவிடுங்கள். கச்சேரியில் ஒலி கூடி, கெயினைக் குறைக்க வேண்டி வந்தால் இரண்டையும் ஒரே அளவு குறையுங்கள். ரெக்கார்டரில் இரு சேனல்களை இணைக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். தானியங்கி கெயின் கண்டிப்பாக அணைந்திருக்க வேண்டும். லிமிட்டர் (எல்லை மீறும் உச்சங்களை அமுக்கும் கருவி) போட்டே ஆகவேண்டும் என்றால் இரண்டு சேனலும் சேர்ந்து அழுந்தும்படி இணைத்துப் போடுங்கள்; இல்லையென்றால் தனி ஆவர்த்தனத்தில் ஒவ்வொரு பலமான சொல்லுக்கும் மிட் மட்டும் அழுந்தி, மேடை விரிந்து சுருங்கும்.

சைட் மிகவும் தாழ்வாகப் பதிவாகி, பிறகு அதை ஏற்றினால் ப்ரீஆம்பின் இரைச்சலும் கூடவே ஏறும் என்ற பயம் நியாயமானதே. அதற்கு வழி, சைடை வேண்டுமென்றே 6 டெசிபல் கூடுதல் கெயினில் பதிவுசெய்து, கலக்கும்போது அதே 6 டெசிபலைக் கழித்துவிடுவது. எவ்வளவு கூட்டினோம் என்று எழுதிவைத்திருந்தால் மட்டும் இது வேலைக்கு ஆகும். 24 பிட்டில் பதிவுசெய்தால் உச்சங்கள் −12 பக்கம் நின்றாலே தாராளம். மிட்டும் சைடும் கூடும் இடத்தில் அலை 6 டெசிபல் வரை உயரலாம் என்பதால் அந்த இடைவெளி தேவையும்கூட.

பிரித்துக் கேட்பது

மென்பொருளில் மிட் டிராக்கை நடுவில் வையுங்கள். சைட் டிராக்கை முழு இடதுக்குப் பேன் செய்யுங்கள். அதை நகலெடுத்து முழு வலதுக்குத் தள்ளி, நகலின் போலாரிட்டியைத் திருப்புங்கள். இனி மிட்டை மூடிவிட்டு மோனோ பொத்தானை அழுத்துங்கள்: மயான அமைதி வர வேண்டும். ஏதாவது கேட்டால் இரண்டு சைடுகளின் ஃபேடர்களும் சமமாக இல்லை, அல்லது ஒன்றில் மட்டும் ஏதோ பிளகின் (ஒலியை மாற்றும் கூடுதல் மென்பொருள்) இருக்கிறது. அமைதி வந்தபின் இரண்டு சைடுகளையும் ஒரே குழுவாகக் கட்டிவிடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பல மென்பொருள்களில் நடுவில் வைத்த டிராக்கின் ஒலி ஒவ்வொரு பக்கமும் 3 டெசிபல் குறைக்கப்படும், சிலவற்றில் 4.5 அல்லது 6. ஓரத்துக்குத் தள்ளிய டிராக்குக்கு அந்தக் குறைப்பு இல்லை. ஆகவே மூன்று ஃபேடரும் 0இல் நின்றாலும் உண்மையில் சைட் 3 டெசிபல் தூக்கலாக இருக்கும். மென்பொருளின் பேன் அமைப்பைப் பார்த்து மிட்டை அவ்வளவு ஏற்றுங்கள், அல்லது மிட்-சைட் பிரிப்பதற்கென்றே உள்ள பிளகினைப் போடுங்கள். மேலே சொன்ன 53 டிகிரி சோதனையும் இந்தப் பேன் விவகாரத்தைச் சரிசெய்த பிறகுதான் நம்பத் தகுந்தது.

எவ்வளவு சைட்?

நம் 35 டிகிரி வயலினுக்கு இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இடையே கிடைக்கும் வித்தியாசத்தைப் பாருங்கள். சைட் மிட்டைவிட 6 டெசிபல் குறைவு என்றால் வித்தியாசம் 6 டெசிபலுக்குச் சற்றுக் குறைவு. வயலின் நடுவிலிருந்து கொஞ்சம் விலகி உட்காரும். 3 குறைவு என்றால் 8 டெசிபல். சமம் என்றால் 13, ஸ்பீக்கரை நெருங்கிவிடும். சைட் 3 டெசிபல் கூடுதல் என்றால் 25. வயலின் வலது ஸ்பீக்கருக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். பொதுவாக 15 டெசிபலைத் தாண்டினாலே காது அதை முழுக்க ஒரு பக்கம் என்று எடுத்துக்கொள்கிறது.

வேறு விதமாகச் சொன்னால், சைடை மாற்றும்போது கற்பனையான இரண்டு மைக்குகளின் கோணத்தையும் வடிவத்தையும் மாற்றுகிறோம். −6இல் அவை ஒன்றுக்கொன்று 90 டிகிரி விலகி நிற்கின்றன. −3இல் ஏறக்குறைய 110 டிகிரி விலகிய சூப்பர்கார்டியாய்டுகள். சமத்தில் 127 டிகிரி. கச்சேரி முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் மைக்கைத் திருப்ப முடிகிற வசதி இது. மிட்-சைடை விரும்புகிறவர்கள் விரும்புவது இதற்காகத்தான்.

அருகில் உட்கார்ந்த சிறிய கர்நாடகக் குழுவுக்கு −3 முதல் −5 வரை என்பது எங்கள் பரிந்துரை. சமத்துக்கு மேலே போகக் காரணம் அநேகமாக இருக்காது. கேட்கும் முறை இது: சைடை முழுதாக இறக்கிவிட்டு, குரல், வயலின், மிருதங்கம் மூன்றும் ஒலிக்கும் பகுதியை ஓடவிட்டு, −12இலிருந்து மெல்ல ஏற்றுங்கள். முதலில் அறை திறக்கும். பிறகு வயலினும் மிருதங்கமும் குரலைவிட்டு விலகித் தங்கள் இடத்துக்குப் போகும். குரல் பின்வாங்குவது போலத் தோன்றினால், அல்லது மிருதங்கத்தின் தொப்பியில் (அடித்தொனி தரும் முகம்) எழும் கும்கி எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாமல் போனால், எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். 1 அல்லது 2 டெசிபல் இறக்குங்கள். விரிவுக்கான குமிழ் என்று மட்டும் இதை நினைத்துவிடக் கூடாது. சைட் ஏறும்போது பக்கவாத்தியங்களின் பலமும் அறையின் எதிரொலியும் சேர்ந்தே ஏறுகின்றன. நடுவிலுள்ள குரல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மூன்றுக்கும் சேர்த்து ஒரே குமிழ்.

இந்த முடிவை ஹெட்போனில் மட்டும் எடுக்காதீர்கள். அதில் இடது ஒலி இடது காதுக்கு மட்டும் போவதால் விரிவு மிகையாகத் தெரியும். அதை நம்பிக் குறைத்தால் ஸ்பீக்கரில் மேடை குறுகிவிடும். மோனோவிலும் ஒரு முறை கேளுங்கள். மோனோவில் வயலின் காணாமல் போகிறது என்றால், தவறு சைட் அளவில் இல்லை: மிட் மைக் மட்டும் தனியாக நல்ல சமநிலையில் பதிவாகவில்லை. அதற்கு மருந்து, மைக்கைப் பின்னால் நகர்த்துவதோ கலைஞர்கள் சற்று நெருங்கி உட்காருவதோதான். இடதும் வலதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கோரிலேஷன் மீட்டர் இருந்தால், முள் 0க்குக் கீழே தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; எப்போதாவது எட்டிப் பார்த்தால் பாதகமில்லை.

வீடுகளில் இன்னொரு எதிரி, மின்விசிறி. எட்டு வடிவ மைக் காற்றுக்கு மிக எளிதில் முனகும். ரிப்பனாக இருந்தால் பலத்த காற்றில் பழுதாகவும் கூடும். அந்த முனகல் சைடில் விழுவதால் இரண்டு ஸ்பீக்கர்களிலும் எதிரெதிராக ஆடும். பதிவின்போது விசிறியை நிறுத்துவதே சிறந்தது. நிறுத்த முடியாமல் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்ட வேண்டி வந்தால், அதே வடிகட்டியை மிட்டுக்கும் போடுங்கள். சைடுக்கு மட்டும் போட்டால் வெட்டும் இடத்தை ஒட்டி இரண்டுக்கும் ஃபேஸ் (அலைகளின் நேரப் பொருத்தம்) விலகி, தொப்பியின் அடித்தொனி இடம் மாறும். ஃபேஸை மாற்றாத லீனியர் வகை வடிகட்டி என்றால் சைடுக்கு மட்டும் போடலாம். அதன் தாமதத்தை மென்பொருள் ஈடுசெய்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸூம் எச்2என் போன்ற கையடக்க ரெக்கார்டர்களில் மிட்-சைட் உள்ளேயே இருக்கிறது. சைட் அளவைப் பதிவின்போதே நிர்ணயிக்கலாம். அல்லது ரா முறையில் பிரிக்காமல் பதிவுசெய்யலாம். முடிந்தவரை ராவைத் தேர்ந்தெடுங்கள். பதிவு தொடங்கியதும் ஒருவரை இடம், நடு, வலம் என்று மூன்று இடங்களில் நின்று கைதட்டி, நிற்கும் இடத்தைச் சொல்லச் சொல்லுங்கள். கோப்பின் பெயரிலேயே எது மிட், எது சைட், சைடுக்குக் கூட்டிய கெயின் எவ்வளவு என்று எழுதிவிடுங்கள். கலந்து முடித்த ஸ்டீரியோவோடு பிரிக்காத மூலத்தையும் சேர்த்துச் சேமித்தால், பிறகு வேறு யார் எடுத்துக் கலந்தாலும் எது எங்கே இருந்தது என்பதில் சந்தேகம் வராது.